பாஸ்புக்கில் யார் பெயர் இருக்கிறது?

ஊர் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஆடிப் பண்டிகைக்கு வந்தவள் இன்னும் சேலத்தில்தான் இருக்கிறேன். கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மனசு வேறொன்றில் கிடக்கிறது.

பெரியப்பா தவறி மூன்று மாதம் ஆகிறது. பெரியம்மா மஞ்சப்பையிலிருந்து எடுத்து நீட்டிய பாஸ்புக்கில் நாமினி பதிவாகியிருக்கிறது என்று ஒரு முத்திரை மட்டும் இருந்தது, பெயர் இல்லை. வங்கியில் கேட்டால் என் அப்பா பெயரைச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு முன்னால், தறி போட்ட புதிதில் தம்பி பெயரை எழுதிக் கொடுத்தவர் அப்புறம் மாற்றவே இல்லை. பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பையின் வாயைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அக்காதான் கேட்டாள்: "அப்போ பணம் சித்தப்பாவுக்கா?"

இல்லை. நாமினி கையில் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது, அவ்வளவுதான். பணம் வாரிசுகளுடையது. உயில் எழுதாமல் போனால் 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய், மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. கம்பெனிப் பங்குகளுக்கும் இதேதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீடு மட்டும் வேறு: 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே.

அப்பா பணம் வந்த அன்றே பெரியம்மா கணக்குக்கு மாற்றிவிட்டார். ஆனால் அதுவரைக்கும் போன வாரங்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சு குறைந்துபோனது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று ராத்திரி அமெரிக்காவில் இருக்கும் என் கணக்குகளைத் திறந்து பார்த்தேன். முதல் வேலையில் இருந்தபோது தொடங்கிய ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் என்னை வளர்த்த அம்மாயி பெயர். அம்மாயி போய் ஆறு வருஷமாகிறது. அவர் இல்லாவிட்டால் அடுத்து யாருக்கு என்று எழுதும் மாற்றுப் பயனாளி என்ற இடம் காலியாகக் கிடந்தது.

அமெரிக்காவில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: அங்கே 'பெனிஃபிஷியரி' என்று எழுதினால் பணம் அவருக்கே சொந்தம். உயிலில் வேறு பெயர் இருந்தாலும் படிவம்தான் நிற்கும். வேலை பார்க்கும் கம்பெனி வழியாகச் சேரும் 401(கே) ஓய்வுக்காலக் கணக்கில் மனைவியோ கணவரோ எழுத்தில் சம்மதித்தால் ஒழிய வேறு யாருக்கும் போகாது. ஐஆர்ஏவுக்கு அந்த மத்தியச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. அப்படி ஒரு கம்பெனிச் சேமிப்புக் கணக்கு பற்றிய வழக்கில், விவாகரத்தின்போது உரிமையை விட்டுக்கொடுத்த முன்னாள் மனைவியின் பெயரைக் கணவர் படிவத்திலிருந்து எடுக்காமலே இறந்துவிட்டார். பணத்தை அந்த அம்மாவுக்கே கொடுத்தது சரி என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. நம் ஊர் நாமினி மாதிரிதானே என்று நினைத்துத் தம்பி பெயரை எழுதி வைத்திருந்தால் நம் பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்பார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி தங்கைகளே, கல்யாணம் ஆனதும் சிபிஎஃப் என்ற அங்கத்துச் சேமநிதிக் கணக்கில் போட்ட பழைய நாமினி ரத்தாகிவிடும். இந்தியாவில் வேலை பார்த்துவிட்டுப் போனவர்களின் பி.எஃப். கணக்கிலும், கல்யாணத்துக்கு முன் எழுதியது செல்லாது. புதிதாக எழுத வேண்டும்.

2025 நவம்பர் 1 முதல் இங்கே வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் பிரித்து எழுதலாம். லாக்கருக்கு மட்டும் ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசைதான்.

நாளைக்கு அம்மாவையும் பெரியம்மாவையும் வங்கிக்குக் கூட்டிப் போகிறேன். நாமினியின் பெயரையே பாஸ்புக்கில் அச்சடித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம், தருவார்கள். ஊரில் தனியாக இருக்கும் உங்கள் அப்பா அம்மாவுக்குப் படிவம் நிரப்ப ஆள் வேண்டுமானால் எனக்கு எழுதுங்கள். இன்னும் இரண்டு வாரம் இங்கேதான் இருக்கிறேன், வீட்டுக்கே போய் உடன் இருந்து செய்து தருகிறேன்.