எஃப்டி8: எல்லாரையும் கேட்கிறேன், என்னை யாருக்கும் கேட்கவில்லை

கேள்வி: அமெச்சூர் வானொலியில் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் முயல்கிறேன். 14.074 மெகாஹெர்ட்ஸில் அதற்கான மென்பொருள் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் ஓடுகிறது, திரை நிறைய தூரத்து நிலையங்கள், ஆனால் நான் கூப்பிட்டால் ஒருவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. 30 வாட், கம்பி டைபோல் ஆன்டெனா. எங்கே தப்பு?

பதில் 1: கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள், எஃப்டி8-க்கு நேரம் ஒத்துப்போக வேண்டும். 15 விநாடிக்கு ஒரு சுற்று, அதில் 12.64 விநாடி ஒலிபரப்பு. நேர வித்தியாசத்தைக் காட்டும் டிடி பத்தியில் எல்லா நிலையத்துக்கும் ஏறக்குறைய ஒரே பிசகு தெரிந்தால் தப்பு உங்கள் கணினியில்தான்.

பதில் 2: கடிகாரம் சரியாக இருந்தால், கணினியிலிருந்து ரேடியோவுக்குப் போகும் ஒலி அளவு. நானும் அதிகம் வைத்தால் தூரம் போகும் என்று நினைத்து மாதக்கணக்கில் அசிங்கமான சிக்னல் அனுப்பியவன்தான்! ரேடியோவில் ஏஎல்சி (ஒலி அதிகமானால் தானே அடக்கும் கட்டுப்பாடு) முள் அசையாத அளவுக்குக் குறையுங்கள். அப்புறம் ஒலி அதிர்வெண்ணை 1500 ஹெர்ட்ஸுக்கு மேலே வையுங்கள், இரண்டாவது ஹார்மோனிக் (இரட்டை அதிர்வெண்ணில் வரும் வேண்டாத சிக்னல்) ரேடியோவின் வடிகட்டியிலேயே நின்றுவிடும். எதிராளியின் அதிர்வெண்ணிலேயே எல்லாரும் மொய்ப்பார்கள், நீங்கள் காலி இடத்திலிருந்து கூப்பிடுங்கள், 50 ஹெர்ட்ஸ் அகலம் போதும்.

பதில் 3: யார் யாருடைய சிக்னல் எங்கே கேட்டது என்று காட்டும் பிஎஸ்கே ரிப்போர்ட்டர் தளத்தில் உங்கள் அழைப்புக்குறி தெரிகிறதா? அதை முதலில் பார்த்திருக்கலாம்.

கேட்டவர்: ஏஎல்சி முள் பாதிவரை ஏறியிருந்தது. குறைத்தேன், 15 வாட்தான் போகிறது, என் சிக்னல் -19 டெசிபல் என்று பதில் வந்துவிட்டது. நன்றி!