இன்ஜின் பிளாக் (இன்ஜினின் உடல்), கிராங்கு (உள்ளே சுழலும் தண்டு) அறுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காசிமேட்டுக்காரன்:
போட்டிலிருந்து இறக்கிய பழைய இன்ஜின். சந்துக்குள் வண்டி வராது, துண்டு துண்டாக வெட்டினால்தான் காயலான் கடைக்குத் தூக்க முடியும். கேஸ் கட்டிங் அண்ணன் டார்ச்சோடு வந்தார். இன்ஜின் உட்காரும் பெட் பிளேட்டெல்லாம் சரசரவென்று போனது. பிளாக்கில் வைத்தால் உருகிக் கொழகொழவென்று வழிகிறதே தவிர வெட்டு விழவில்லை. ஆக்சிஜனைக் கூட்டினார், பொறி அவர் முகத்துக்கே திரும்பியது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்காமலே, "சம்மட்டியால ஒண்ணு போடுப்பா" என்றார். போட்டதும் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிற வாட்டர் ஜாக்கெட் பக்கம் பிளந்தது. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் மணல்மணலாக இருந்தது. தீர்ந்த கேஸ் சிலிண்டருக்கு யார் காசு தருவது என்ற பேச்சுதான் இன்னும் தீரவில்லை.

வியாசர்பாடி லேத்:
அந்த பிளாக் காஸ்ட் அயர்ன், அதாவது வார்ப்பிரும்பு. அதில் கேஸ் கட்டிங் ஓடாது என்பது பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கே தெரியும். மேலே படியும் ஆக்சைடு உருகுவதற்குள் அடியில் இரும்பு உருகிவிடும், உள்ளே கிராஃபைட் என்ற கரித்துகள் வேறு. அந்த அண்ணன் பார்த்ததுமே சொல்லியிருக்கணும். அதற்காக எல்லாவற்றையும் சம்மட்டியால் அடிக்கலாம் என்று கிளம்பாதீர்கள். லாரி கிராங்கு பெரும்பாலும் ஃபோர்ஜிங், அதாவது காய்ச்சி அடித்துச் செய்த ஸ்டீல், அடித்தால் சம்மட்டிதான் எகிறும். எங்கள் பையன் ஒருத்தன் கிராங்கு ஜர்னலில் (பேரிங்கில் உட்காரும் உருண்டைப் பகுதி) ஆக்சா பிளேடு, அதாவது கை ரம்பம், போட்டான். பிளேடு பல் மொட்டை, ஜர்னலில் கீறல்கூட இல்லை. மேல்தோல் ஹார்டனிங் செய்து கெட்டியாக்கியது. அதை கிரைண்டரில் சுற்றி வெட்டிவிட்டால் உள்ளே சாதாரண ஸ்டீல், பேண்ட் சா (பட்டை ரம்ப மெஷின்) போதும்.

திருவொற்றியூர் மணி:
கிரைண்டர் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். பக்கத்துப் பட்டறையில் 5 இன்ச் மெஷினில் கார்டைக் (பாதுகாப்பு மூடி) கழற்றிவிட்டு 7 இன்ச் வெட்டு வீல் மாட்டி கிராங்கு அறுத்தார்கள். மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடுகிறது, வீலுக்கு 8,500தான் தாங்கும். நான் வாசலில் டீ டம்ளரோடு நிற்கிறேன். பட்டாசு மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்தால் கூரை ஷீட்டில் ஓட்டை, அது வழியே வெயில். அறுத்தவர் மெஷினைப் பிடித்தபடியே சிரிக்கிறார். ஏன் சிரித்தார் என்று இன்றுவரை புரியவில்லை.

மண்ணடி அன்வர்:
மணி சொன்ன மாதிரி நானும் ஒன்று பார்த்தேன், நல்லவேளை கை தப்பியது. அது போகட்டும். வீல் வாங்கும்போது நடு ஓட்டையைச் சுற்றியிருக்கும் தகர வளையத்தைப் பாருங்கள். தேதி அடித்திருக்கும், அது தாண்டினால் வேண்டாம். வீலின் தூளை ஒட்டிப் பிடித்திருக்கும் ரெசின் பசை ஈரத்தில் வலுவிழக்கும், நம் கடலோரக் காற்றுக்கு இன்னும் சீக்கிரம். வெட்டுகிற வீலின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்காதீர்கள். பிஸ்டன் பெரும்பாலும் அலுமினியம், சில இன்ஜினில் மேல்மூடியான ஹெட்டும். அதில் இரும்பு வெட்டும் வீலை வைத்தால் அப்பிக்கொண்டு சூடாகும், வெட்டாது. பெரிய பல் பிளேடு எடுங்கள். ஆக்சாவில் கெட்டியான துண்டுக்கு இன்ச்சுக்கு 18 பல், மெல்லிய தகட்டுக்கு 32. ஆக்சாவில் எதை அறுத்தாலும் மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள்.

வியாசர்பாடி லேத்:
அன்வர் பாய், கேட்டது அனுபவம், நீங்கள் கிளாஸ் எடுத்துவிட்டீர்கள். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் சரி. வார்ப்பிரும்பைக் காய்ந்தபடியே அறுக்கலாம், அந்த கிராஃபைட்டே வழுக்கிக் கொடுக்கும். தூள் கறுப்பாகப் பறந்து மூக்கில் ஏறும், துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள்.