களனி ஆற்றில் ராஃப்டிங்: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் உறவுகளே. நாங்கள் கேரளத்தில் தேக்கடிக்குப் பக்கத்து வண்டிப்பெரியாற்றுக்காரர்கள். அம்மா இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பத்தோடு இந்தியா வந்து, கேரளத்தில் கவி என்ற ஊரின் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அப்புறம் ஒருமுறைகூட அவர் பிறந்த மண்ணைப் பார்க்கவில்லை. வரும் பிப்ரவரியில் கூட்டிப்போகிறோம்.

கொழும்பிலிருந்து ஹட்டன் போகும் வழியில்தான் கித்துல்கல. அங்கே களனி ஆற்றில் ராஃப்டிங் (வேகமான ஆற்றில் ரப்பர் படகில் துடுப்புப் போட்டுப் போவது) போக என் பிள்ளைகளுக்கு ஆசை. மேலே உள்ள மின்நிலைய அணைகளில் திறந்துவிடும் தண்ணீரைப் பொறுத்துத்தான் ஆற்றின் வேகம் என்கிறார்கள். அப்படியானால் காலையில் போவதா, மதியத்துக்கு மேலா? 11 வயதுப் பெண்ணை ஏற்றுவார்களா? அவள் உடம்புக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் தருவார்களா?

இதை அழுத்திக் கேட்கக் காரணம் உண்டு. 2009 செப்டம்பரில் தேக்கடி படகு விபத்தில் 45 பேர் இறந்தார்கள். அந்த ராத்திரியை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நேரில் பார்த்தவர்கள் சொல்லாமல் பிள்ளையை ஆற்றில் இறக்க மனம் வராது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவருக்காக பலப்பிட்டியில் மாது கங்கைப் படகுப் பயணம் யோசித்திருக்கிறோம், கண்டல் (அலையாத்தி) காடுகளுக்கு நடுவே மெதுவாகப் போவது. படகில் ஏறி இறங்க வயதானவர்களுக்குச் சிரமமா? தமிழ் பேசும் வேன் ஓட்டுநர் கிடைப்பாரா?

இன்னொன்று, அம்மா கேட்கச் சொன்னது: கலப்படமில்லாத கித்துல் (கூந்தல்பனை) கருப்பட்டி அந்த வழியில் எங்கே வாங்கலாம்?