மழை பிடித்தால் ரயில் பாதை இறங்குகிறது, டாம்பிங் நிற்கவில்லை: என்ன செய்யலாம்?

டெல்டா ஜே.இ.:
வணக்கம். காவிரி டெல்டாவில் ஒரு கிளைப் பாதையின் பராமரிப்பை ஜூனியர் இன்ஜினியராகப் பார்க்கிறேன். அதில் சுமார் 200 மீட்டர் நீளம்தான் பிரச்சினை. இரண்டு பக்கமும் நெல் வயல், தாழ்வான பேங்க் (பாதையைத் தாங்கும் மண்கரை), அடியில் கரிய களிமண். ஐப்பசி மழை பிடித்ததும் அந்த இடம் மட்டும் தாழ்கிறது. மெஷின் விட்டு டாம்பிங் போட்டால், அதாவது ஸ்லீப்பர் அடியில் ஜல்லியை இறுக்கினால், லெவல் சரியாகும், ஆனால் அடுத்த கனமழைவரைதான். ஸ்லீப்பர் ஓரமெல்லாம் சாம்பல் நிறச் சேறு பிதுங்குகிறது. இப்போது 30 கி.மீ. காஷன் (வேகக் கட்டுப்பாடு). போன வருடம் கொட்டிய ஜல்லி எங்கே போனது என்றே தெரியவில்லை. ஜியோடெக்ஸ்டைல் (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி) விரித்தால் தீருமா? நீண்ட பிளாக் (வண்டிகளை நிறுத்தி வேலை செய்யும் நேரம்) கிடைக்காது.

ஓய்வுபெற்ற பி.வே.:
தம்பி, நானும் பெர்மனென்ட் வே என்கிற பாதைப் பராமரிப்பில் இருந்தவன்தான். துணி விரிப்பது அப்புறம். ஜல்லி எங்கே போனது என்று கேட்டீர்கள் பாருங்கள், வேலையை அங்கிருந்து தொடங்குங்கள். அது களிமண்ணுக்குள் இறங்கிக் கிடக்கும். மழையில் ஊறிய களி சக்கரப் பளுவைத் தாங்காமல் விலக, ஜல்லி அந்த இடத்தில் அமுங்கும். பெரும்பாலும் இரண்டு தண்டவாளத்துக்கும் நேர் கீழே ஆழமாகவும் நடுவில் மேடாகவும் இருக்கும். அந்தக் குழியில் மழைநீர் இறங்கும், வெளியேற வழி இருக்காது. ஒவ்வொரு வண்டி போகும்போதும் தண்ணீரும் களியும் கலங்கி மேலே வரும். நீங்கள் பார்க்கும் சாம்பல் சேறு அதுதான். மேலே ஜல்லி கொட்டக் கொட்டக் குழி ஆழமாகுமே தவிர நிரம்பாது.

பங்குனி, சித்திரையில் பிளாக் வாங்கி, இரண்டு ஸ்லீப்பருக்கு நடுவே ஒரு பக்கச் செஸ்ஸிலிருந்து (ஜல்லிக்கு வெளியே உள்ள பேங்க் மேல் ஓரம்) மறுபக்கச் செஸ் வரை குறுக்காக வெட்டிப் பாருங்கள். ஜல்லி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அளந்து படம் போட்டு வையுங்கள். மூடும் முன் ஓட்டை போட்ட பிவிசி குழாய் ஒன்றை நட்டுவிட்டால் பிறகு தண்ணீர் மட்டத்தையும் பார்க்கலாம். செஸ்ஸையும் கவனியுங்கள். ஜல்லி சலித்த மண்ணை அங்கேயே தள்ளித் தள்ளி அது உயர்ந்திருந்தால், தண்ணீரை நாமே அணை கட்டி வைத்த மாதிரிதான்.

டெல்டா ஜே.இ.:
வெட்டிப் பார்த்தோம் ஐயா. தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லி ஸ்லீப்பர் அடியிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கிறது. வயல் வெடித்துக் காய்ந்து கிடக்கும் இந்த வெயிலிலும் குழாயில் தண்ணீர் நிற்கிறது! செஸ்ஸும் நீங்கள் சொன்னபடி உயர்ந்துதான் இருக்கிறது.

மண்ணியல் பொறியாளர்:
அப்படியானால் பேங்க் மொத்தமாகப் புதையவில்லை, மேல் பகுதிதான் கெட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. பேங்க் அடியில் வயல் பக்கம் மண் புடைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். புடைத்திருந்தால் அது சரிவு. அதற்கு வைத்தியமே வேறு, அடியில் பெர்ம் (கரையை ஒட்டிய மண்திட்டு) கட்டிப் பளு கொடுக்க வேண்டும்.

புடைப்பு இல்லையென்றால் முதல் வேலை வடிகால். செஸ் மண்ணை வழித்தெடுத்து, வெளிப்பக்கம் 30-க்கு 1 சரிவு கொடுங்கள். பிறகு குழியின் மிக ஆழமான இடங்களிலிருந்து பேங்க் ஓரம் வரை குறுக்கு வடிகால் வெட்டி, ஜியோடெக்ஸ்டைல் சுற்றி, உள்ளே கருங்கல் ஜல்லி நிரப்புங்கள். டெல்டாவில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வடிகாலின் வாய் சம்பா காலத்து வயல் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் வயல் தண்ணீர் அதே வழியாக உள்ளே ஏறும். வயல் நீர்மட்டத்துக்கும் கீழே இறங்கிய ஆழமான குழிகளில் வடிகாலை நம்பாமல், சிமென்ட், மணல் கலவையை அழுத்தி நிரப்பிவிடலாம். தண்ணீர் தங்க இடமே இருக்காது.

ஜியோடெக்ஸ்டைலைக் களிக்கும் ஜல்லிக்கும் நடுவே நேரடியாக வைக்காதீர்கள். கூர்மையான ஜல்லி கிழித்துவிடும், நுண்களி அடைத்துவிடும். மேலும் கீழும் மணல் வேண்டும். அதற்குப் பாதையைப் பிரிக்க வேண்டியிருக்கும். பிளாக் இல்லாத உங்களுக்கு இது கடைசி வழி.

டிராக்மேன்:
அண்ணே, நண்டு வளையும் எலி வளையும் பாருங்க. வயல் தண்ணி அது வழியா பேங்குக்குள்ள போகும். எங்க செக்‌ஷன்ல வளைய வெட்டி, களிமண்ணப் போட்டு இடிச்சு மூடினோம், ஓரளவு நின்னுச்சு. ஓரத்துல சவுக்குக் கழி அடிக்கலாமா?

ஓய்வுபெற்ற பி.வே.:
வளை விஷயம் ரொம்பச் சரி. ஆனால் சவுக்கு எப்போதும் தண்ணீருக்குள் இருந்தால்தான் நிலைக்கும். 1830-இல் திறந்த லிவர்பூல்–மான்செஸ்டர் பாதையை சாட் மாஸ் சதுப்பில் புதர்க்கட்டுகளைப் போட்டு அதன் மேல் மிதக்கவிட்டார் ஜார்ஜ் ஸ்டீபன்சன். அது வருடம் முழுக்க ஊறிக்கிடக்கும் சதுப்பு. இங்கே கோடையில் காய்ந்து மழையில் நனையும். மரம் சீக்கிரம் உளுத்துப்போகும்.

டெல்டா ஜே.இ.:
சுண்ணாம்புக் கரைசல் செலுத்துவது பற்றி?

மண்ணியல் பொறியாளர்:
கரிசல் போன்ற வீங்கும் களிக்குப் பலன் தரும். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் களித்துகள்களைத் திரள வைக்கும், மண் ஊறிக் குழைவது குறையும். ஆனால் ஊறிய களிக்குள் கரைசல் நுழையாது. வெடிப்பு திறந்திருக்கும் கோடையில்தான் செலுத்த வேண்டும். கடலோர மண் என்றால் முதலில் சல்பேட் சோதனை செய்யுங்கள். சல்பேட் அதிகமிருந்தால் சுண்ணாம்பு சேர்ந்து மண் இன்னும் வீங்கும்.

மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12 திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வருவதற்குள் குறுக்கு வடிகாலையாவது முடித்துவிடுங்கள். மழை முடியும்வரை குழாயில் வாரம் ஒருமுறை மட்டம் அளந்து இங்கே போடுங்கள். சுண்ணாம்பு தேவையா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.