மரங்கொத்தி அற்றுப்போச்சுன்னு எப்ப முடிவு கட்டலாமுங்க?

பொள்ளாச்சி_கிழக்கு:
ஐவரி-பில்டு மரங்கொத்தியை எல்லாரும் ஒத்துக்கற மாதிரி கடைசியாப் பார்த்தது 1944-ல, அமெரிக்காவோட லூசியானாவுல. 2021-ல அந்நாட்டு மீன் வனவிலங்குத் துறை "அழிந்துவிட்டது"ன்னு அறிவிக்கப் போறதாச் சொல்லுச்சு. 2023-ல வேற 21 இனங்களுக்கு அறிவிச்சுட்டு, இதை நிறுத்தி வச்சுட்டாங்க. நம்ம மலையடிவாரத்துல ஒரு காட்டுல பெரிய வெண்வயிற்று மரங்கொத்தி பல வருசமா யார் கண்ணுலயும் படலைங்க. காட்டுப் பறவைப் பட்டியல்ல "இல்லை"ன்னு போடலாமுங்களா? எத்தனை நடை தேடினாப் போதும்?

ஆழியாறு_ஓரம்:
ரெண்டும் வேற வேற கேள்விங்க. உங்க காட்டுல இல்லாட்டி அது உள்ளூர் இழப்புதான். ஆனைமலைக் காட்டுல டாப்ஸ்லிப் பக்கம் இந்த வெண்வயிற்று மரங்கொத்தி இருக்குது. உலகத்துலயே இல்லைன்னு சொல்ல, அழிவுநிலைப் பட்டியல் போடற உலக அமைப்பான ஐயூசிஎன்னோட விதி ரொம்பக் கறார். கடைசி உயிரும் போயிருச்சுங்கறதுல நியாயமான சந்தேகமே இருக்கக் கூடாது. அது வாழ்ந்த பரப்பு முழுக்க, சரியான வேளையில, சரியான பருவத்துல, அதோட ஆயுசுக்குத் தக்க காலம் தேடியிருக்கணும். அவசரப்பட்டு அறிவிச்சா சட்டப் பாதுகாப்பும் பணமும் நின்னுரும்; மிச்சமிருந்த நாலு பறவையும் அதுலயே போயிரும். ஃபாரஸ்ட் ஔலெட் ஆந்தை 1884-க்கு அப்புறம் 1997-லதான் மகாராஷ்டிராவுல மறுபடி கண்ணுல பட்டுச்சு.

நடைக்கணக்கு சுலபமுங்க. பறவை இருக்கும்போது ஒரு நடையில அது சிக்கற வாய்ப்பு 10-ல 1-ன்னா, 29 நடை வெறுங்கையா வந்தாத்தான் தவறவிட்டிருக்கற வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழ இறங்கும். 20-ல 1-ன்னா 59 நடை. இந்த வாய்ப்பை உத்தேசமாப் போட்டுராதீங்க. பறவை நிச்சயமா இருக்கற காட்டுல, அதே வேளை, அதே தூரம் நடந்து எடுக்கணும். அடுத்தடுத்த நாள் ஒரே தடத்துல நடந்துட்டு அதைத் தனித்தனி நடைன்னு எண்ணினா கணக்கு ஏமாத்தும்.

ஒலிப்பெட்டி:
ஆள் நடையோட ரெக்கார்டரும் வைங்க. ஆடியோமாத்துங்கற சின்ன ஒலிப்பதிவுக் கருவியில பதிவு வேகத்தை 32 கிலோஹெர்ட்ஸ் வச்சா மணிக்குச் சுமார் 230 எம்பி ஆகும். காலையில 6-லிருந்து 10 வரைக்கும், சாயங்காலம் ஒரு மணி நேரமும் ஓட்டினா 32 ஜிபி கார்டு நாலு வாரத்துக்குச் சித்தெ கம்மியா வரும். தை, மாசி, பங்குனியில வைங்க, அப்பத்தான் மரத்தைத் தட்டற சத்தம் அதிகம். யானைத் தும்பிக்கைக்கு எட்டாத உயரத்துல கட்டுங்க. உள்ள சிலிக்கா ஜெல் பொட்டணம் போடலைன்னா பனியில மைக்கு நனைஞ்சு பதிவே மங்கிரும். மூங்கில் தூர் பக்கம் மட்டும் வேண்டாம்; காத்துல கழி மோதற சத்தம், தட்டற சத்தம் மாதிரியே பதிவாகி வாரக்கணக்குல உசுரை எடுக்கும். புலிகள் காப்பகம்னா தலைமை வனஉயிரினக் காப்பாளர் அனுமதி இல்லாம எதையும் கட்டாதீங்க.

பொள்ளாச்சி_கிழக்கு:
பட்டுப்போன மரத்துல பெரிய பொந்து ரெண்டு இருக்குதுங்க. சாட்சியாகுமா?

கருங்கொண்டை:
ஆகாதுங்க. பொந்து வருசக்கணக்கா அப்படியே நிக்கும், கிளியும் மைனாவும் குடி வந்துரும். மரத்தடியைப் பாருங்க. வெளுத்த புதுச் செதில் சிதறிக் கிடந்தா ஏதோ ஒரு மரங்கொத்தி இப்பக் கொத்துதுன்னு அர்த்தம். எதுன்னு அதுவும் சொல்லாது. தெளிவான படம், இல்லாட்டி குரல் பதிவு வேணும். அமெரிக்காவோட ஆர்கன்சா மாநிலத்துல எடுத்த வீடியோ கதை தெரியுமில்லீங்களா? 2004-ல நாலே விநாடி, மங்கலான படம். 2005-ல 'சயின்ஸ்' இதழ்ல ஐவரி-பில்டுன்னு வந்துச்சு. 2006-ல அதே இதழ்லயே, அது சாதாரண பைலியேட்டட் மரங்கொத்திதான்னு மறுப்பும் வந்துச்சு. றெக்கையில வெள்ளை எந்த ஓரத்துல இருக்குதுங்கறதுதான் மொத்தச் சண்டையும். பறக்கற படம் எடுத்தா றெக்கையோட மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் விழணும்.

பட்டியல்ல "இல்லை"ன்னு போடாதீங்க. "தேடியும் கிடைக்கவில்லை"ன்னு எழுதி, கடைசியாப் பார்த்த வருசம், எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், எந்த மாசம்னு பக்கத்துலயே குறிச்சு வைங்க. ஈபேர்ட்ங்கற பறவைப் பதிவு இணையதளத்துல போடறப்ப, அந்த நடையில அடையாளம் தெரிஞ்ச பறவை எல்லாத்தையும் சேர்த்து முழுப் பட்டியலாப் போடுங்க. பார்த்ததுல சிலதை மட்டும் போட்டா, பார்க்காததுக்குக் கணக்கே கிடைக்காது.