நோட்டில் போட்ட வட்டம்

எங்கள் தலைமைக் குழுவில் 8 பேர். எம்.டி. ஒரு யோசனை சொன்னால் மற்ற ஏழு தலையும் ஆடும். வெளியே வந்ததும் வராந்தாவில் ரெண்டு ரெண்டு பேராக நின்று, "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று பேசிக்கொள்வோம். நானும் பேசியிருக்கிறேன்.

புது மென்பொருளை 3 மாதத்தில் எல்லாக் கிளைகளுக்கும் கொண்டுபோக முடிவானது. வேலை என் பொறுப்பு. 6 மாதமாவது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நோட்டில் '6' என்று எழுதி வட்டம் போட்டேனே தவிர வாயைத் திறக்கவில்லை. கடைசியில் 7 மாதம் இழுத்தது. பில்லிங் குளறுபடியில் இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் விலகிப்போனார்கள்.

அடுத்த மீட்டிங்கில் யார் தலை உருளப்போகிறதோ என்று உட்கார்ந்திருந்தோம். எம்.டி. எடுத்த எடுப்பிலேயே, "தேதியை முதலில் சொன்னது நான். அதற்கு மேல் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள்? தப்பு என்னுடையது" என்றார். நான் நோட்டை அவர் பக்கம் திருப்பி அந்த வட்டத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அன்றைக்கே காட்டியிருக்கலாமேப்பா."

அதிலிருந்து அவர் கடைசியாகத்தான் பேசுகிறார். பெரிய முடிவு என்றால், உளவியலாளர் கேரி க்ளைன் 2007-ல் எழுதிய முறையைப் பின்பற்றுகிறோம்: திட்டம் ஏற்கெனவே படுத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் படுத்தது என்று ஆளுக்கொரு தாளில் எழுத வேண்டும். பேச்செல்லாம் அப்புறம்தான். குறை சொல்வதே கொடுத்த வேலை என்றாகிவிடுவதால் யாருக்கும் கூச்சமில்லை.

பதில் 1:
என் பழைய நிறுவனத்தில் "மனம்விட்டுப் பேசுங்கள்" என்றார்கள். நம்பி, பட்ஜெட் கணக்கு உதைக்கிறது என்று சொன்னேன். மறுவாரம் அந்த மீட்டிங் அழைப்பில் என் பெயரே இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவுமில்லை, மற்றவர்கள் கேட்கவுமில்லை. அதற்குப் பிறகு அங்கே ஒருவர்கூட மறுத்துப் பேசியதில்லை என்று கேள்வி. இன்னும் வலிக்கிறது.

பதில் 2:
மருத்துவமனை நிர்வாகத்தில் இருக்கிறேன். 1996-ல் வெளியான ஏமி எட்மண்ட்சனின் ஆய்வில், நன்றாக இயங்கிய செவிலியர் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பதுதான் அவர் கொடுத்த விளக்கம். போன மாத அறிக்கையில் எங்கள் வார்டு ஒன்று தவறு 0 என்று காட்டியது. முன்பு என்றால் பாராட்டியிருப்பேன். இந்த முறை நேரில் போய் அவர்களோடு ஒரு ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கிளம்பும் நேரத்தில் ஒரு செவிலியர் மெல்ல வந்து, "மேடம், ஒரு விஷயம் சொல்லணும்" என்றார்.