ஸ்ட்ரைக்கைப் படம் எடுக்கப் போகிறேன், யார் முகத்தைக் காட்டலாம்?

செல்வி, ஸ்ரீராமபுரம், பெங்களூரு:
எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குக் குப்பை அள்ளும் வேலைதான் சோறு. அத்தை குப்பை ஆட்டோவில் ஹெல்பர், கான்ட்ராக்டர் கொடுக்கும் சம்பளம். வேலை நிரந்தரம் கேட்டு அடுத்த வாரம் ஃப்ரீடம் பார்க்கில் உட்காரப் போகிறார்கள். என்னிடம் பழைய கேனானும் 35 எம்எம் லென்ஸும் இருக்கின்றன. கல்யாணம், காதுகுத்து எடுத்துப் பழக்கம். இதை எடுத்தே தீர வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் அத்தை, "மேஸ்திரி கண்ணில் என் போட்டோ பட்டால் மறுநாள் மஸ்டரில், அதான் வருகைப் பதிவேட்டில், என் பேர் இருக்காது" என்கிறார். 2022 ஜூலையில் பௌரகார்மிகர்கள் (இங்கே துப்புரவுத் தொழிலாளர்களுக்கு அதுதான் பெயர்) நடத்திய ஸ்ட்ரைக்கின் படங்களைத் தேடிப் பார்த்தேன். நான் பார்த்தவரை கூட்டம், கொடி, மைக். எங்கள் தெரு அதில் இல்லை. முகத்தை மறைத்துவிட்டால் படத்தில் உயிர் இருக்குமா?

மனோகரன், ஜாலஹள்ளி:
அத்தை பயப்படுவதில் நியாயம் இருக்கிறது தங்கச்சி. ஏற்கெனவே மைக் பிடித்துப் பேசுகிற சங்கத் தலைவர்கள் முகத்தைத் தாராளமாகக் காட்டு. கான்ட்ராக்டில் இருப்பவர்கள் முகத்தை வேலை உறுதியாகும்வரை வெளியே விடாதே. சம்மதத்தைப் பந்தலில் வைத்துக் கேட்காதே. கூட்டத்துக்குள் கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய், வீட்டில் உள்ளவர்கள் எதிரில் கேள். அங்கே சொல்வதுதான் உண்மையான பதில்.

நான் பத்திரிகைக்குப் படம் எடுத்தவன். 2016 ஏப்ரலில் பிஎஃப் பணத்தை எடுக்கக் கட்டுப்பாடு போட்ட புது விதிக்கு எதிராகக் கார்மென்ட்ஸ் பெண்கள் ஓசூர் ரோட்டை மறித்தார்கள். மத்திய அரசு இரண்டே நாளில் அந்த விதியைத் திரும்பப் பெற்றது. எவ்வளவு பெரிய வெற்றி! ஆனால் ஜனங்கள் மனதில் நின்றது எரிந்த பஸ் படம்தான். மகள் கல்யாணத்துக்கு என்று அந்தப் பணத்தை நம்பியிருந்தவளின் வீடு எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படம் என் கண்ணில் பட்டதில்லை. இன்னும் எனக்கு அது ஆறவில்லை.

இங்கிலாந்தில் 1984-85 சுரங்க ஸ்ட்ரைக்கின்போது கீத் பேட்டிசன் ஈசிங்டன் என்ற சுரங்க ஊருக்கு ஆகஸ்டில் போனவர், மார்ச்சில் ஸ்ட்ரைக் முடியும்வரை அந்த ஜனங்களோடு இருந்து எடுத்தார். உனக்குப் போகவே வேண்டாம், நீ அங்கேதான் இருக்கிறாய். ஸ்ட்ரைக் நாளிலும் அத்தைக்கு அதிகாலையில் முழிப்பு வந்துவிடும், போக இடம் இருக்காது. அந்த நேரத்தை எடு. ஆணியில் தொங்குகிற வேலைக் கோட், மளிகைக் கடைக் கடன் நோட்டு, யார் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லையோ அவர்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போகிற குழம்புக் கிண்ணம். முகம் கூடாது என்றதும் வெறும் கைகளாக எடுத்துத் தள்ளாதே. அப்படிப் படங்கள் போதும் போதும் என்கிற அளவுக்கு வந்தாயிற்று.

மகேஸ்வரி:
மனோகரன் அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு இடத்தில் ஒப்புதல் இல்லை. முகத்தை வெளியிட வேண்டாம், சரி. ஆனால் எடுக்காமல் விட்டுவிடாதே. 1980 டிசம்பரில் தொடங்கி ஹெச்ஏஎல், ஐடிஐ, ஹெச்எம்டி என்று இந்த ஊரின் பொதுத்துறைத் தொழிலாளர்கள் 77 நாள் வேலைக்குப் போகவில்லை. அப்பா அதில் ஒருவர். அம்மா தாலிக்கொடியை அடகு வைத்தார். இதெல்லாம் காதால் கேட்டதுதான், எங்கள் வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. இருபத்தெட்டு வயது அப்பா அப்போது எப்படி இருந்தார், கோபமாகவா, பயந்தா? எனக்குத் தெரியவே வழியில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரின்ட் போட்டுக் கொடு. அது அவர்கள் சொத்து.

தாஸ், அல்சூர்:
ஒரிஜினல் ஃபைலை அழிக்காதே, வாட்ஸ்அப் குரூப்பில் போடாதே. குரூப்பில் மேஸ்திரியின் மச்சான் இருப்பான். அதே இங்கிலாந்து ஸ்ட்ரைக்கில், 1984 ஜூன் 18 அன்று ஆர்கிரீவ் என்ற இடத்தில் குதிரைப் போலீஸ்காரர் ஒரு பெண்ணை நோக்கித் தடியை ஓங்கியதை ஜான் ஹாரிஸ் எடுத்தார். அன்று பிடிபட்ட 95 பேர் மீது போட்ட வழக்கு மறுவருடம் கவிழ்ந்தது. போலீஸ் சாட்சிகளே நிற்கவில்லை என்பதால்தான், படத்தால் அல்ல. ஆனாலும் அன்று என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு இன்றும் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறார்கள்.

செல்வி:
ரொம்ப நன்றி. அத்தையிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். "மூஞ்சி தெரியவே எடு, ஆனால் அந்தக் கார்டு என் பீரோவில் இருக்க வேண்டும், சாவி என்னிடம்" என்றார். ஒப்புக்கொண்டேன். அப்புறம் ஒரு சந்தேகம்: பந்தல் துணியின் நிறம் எல்லார் முகத்திலும் விழுமே, என்ன செய்வது?

மனோகரன்:
ரா ஃபார்மட்டில் (கேமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல் வைக்கும் ஃபைல்) எடு, பாதியைப் பிறகு சரிசெய்யலாம். மீதிக்குப் பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார். வெளிச்சத்துக்காக யாரையும் எழுப்பி இடம் மாற்றாதே, நீ நகர்ந்துகொள்.